கேப்டன் லட்சுமிக்கு நமது வணக்கம்



கேப்டன் லட்சுமி என்றதும் ராணுவ உடையில் நிமிர்ந்து நிற்கும் படம்தான் நம் கண்முன் வருகிறது. அந்தப் படத்துக்கு மாலை சூட்டிவிட்டு வீடு திரும்பினால் போதுமா? போதாது.

1914-ல் சென்னையில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1938-ல் டாக்டரானார். 1940-ல் சிங்கப்பூர் சென்று, பிழைக்கப் போன ஏழை இந்தியர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943-ல் நேதாஜி அழைத்தார். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். அந்தப் படையில் சேர்ந்தவர்கள் யார்? மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர்! கங்காணியின் அதட்டலுக்குத் தலைகுனிந்த கூலிப் பெண்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

1945-ல் பர்மாவில் பிரிட்டிஷார் அவரைப் பிடித்தனர். 1946-ல் தாயகம் திரும்பினார். நாடு விடுதலை பெற்றது. அவரோ ஓய்வு கொள்ளவில்லை. ஆலை நகரமான கான்பூரில் குடியேறி, பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களுக்கும் ஏழைகளுக்கும் மருத்துவம் செய்தார். 1971-ல் வங்கதேச அகதிகளிடம் ஓடினார். 1984-ல் விஷவாயு தாக்கிய போபாலுக்கு மருத்துவக் குழுவுடன் போனார். 2002-ல் இடதுசாரிகளின் சார்பில் ஜனாதிபதி தேர்தலில் நின்றார், தோற்றார். மறுபடியும் நோயாளிகளிடமே திரும்பினார். தொண்ணூறு வயது தாண்டியும் நாடி பிடித்த கை அது!

2012 ஜூலை 23-ல், 97 வயதில் மறைந்தார். உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தார்.

தோழர்களே! காய்ச்சலில் கிடக்கும் கூலிக்காரருக்கு மருந்து எட்டாத சேரியிலும் ஆலைக் குடியிருப்பிலும் அவர் வேலை பாக்கி இருக்கிறது. அதை நாம் ஏற்றுச் செய்வோம். அதுவே நாம் செலுத்தும் அஞ்சலி!