காலேஜ் வாசலோடு நின்றுவிடாதே!

(குன்னூரில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். கஷ்டம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

எங்கள் லைனில் ஒரு பெண். கொழுந்து பறிக்கும் தாயின் மகள். காலேஜில் சேர்ந்த மூன்றாம் மாதமே நின்றுவிட்டாள். படிப்பு வராமலா? இல்லை! உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடும் கெடு தாண்டிப் போனதே அவளுக்குத் தெரியாது. வீட்டில் கேட்க ஆளில்லை. காலேஜில் கேட்கக் கூச்சம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் படித்த தகப்பனாரே சொல்லிவிடுவார். நம் பிள்ளைக்கு யார் சொல்வது?

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், முதலாளிகள் கல்வி வசதி செய்து தருவது பற்றிப் பேசியது உண்மை. ஆனால் யாருக்கு? 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு! அதற்கு மேல் நம் பிள்ளை படிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை போலும். 1955இல் ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி வந்தது. 1966இல் குன்னூரிலேயே பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி வந்தது. வாசல் திறந்தது. உள்ளே நடக்கும் வழியை நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சர்க்கார் உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. முதல் பட்டதாரிச் சலுகையோ கவுன்சிலிங் மூலம் தொழிற்கல்வியில் சேருபவருக்கு வந்தது. வீட்டில் அண்ணன் பட்டம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. இவற்றை எப்படி வாங்குவது என்பது, அலைந்து வாங்கியவருக்குத்தான் தெரியும்!

ஆகவே நான் சொல்வது இது: இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்காருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தச் சான்றிதழுக்கு எந்த ஆபீஸ், என்னென்ன காகிதம், கெடு எப்போது, எந்த பஸ்ஸில் ஏறினால் முதல் மணிக்குப் போகலாம், பழைய பாடப் புத்தகம் யாரிடம் கிடைக்கும், ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எழுதுவது எப்படி – எல்லாவற்றையும் எழுதுங்கள். ராகிங் செய்வது 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் எழுதுங்கள். பயந்து ஓடிவரும் பிள்ளைக்கு அது தைரியம் தரும்.

தான் பட்டறிந்ததை மட்டும் எழுத வேண்டும். காதில் விழுந்ததை ஆபீஸில் விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும். எழுதியதைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் படிக்கக் கொடுங்கள். புரியவில்லை என்றால் தவறு எழுதியவருடையது, திருத்துங்கள். விதிகள் மாறும், ஜூன் தோறும் புதுப்பியுங்கள்.

இது புதிதல்ல. 1963இல் அமெரிக்காவில் பெர்க்கிலி மாணவர்கள், எந்தப் பாடம் எப்படி, எந்த ஆசிரியர் எப்படி என்று தங்கள் அனுபவத்தைத் திரட்டித் தாங்களே புத்தகம் போட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஒரு கழிவு, கூடைக்கென்று ஒரு கழிவு! தனியே நின்றவரை எது நியாயம் என்று நமக்குத் தெரிந்ததா? பத்துப் பேர் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. கேட்கவும் வாய் வந்தது.

பிள்ளைகளின் படிப்புக்கும் அதே வழிதான், தோழர்களே! வரும் ஞாயிறு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். நின்றுபோன அந்தப் பெண்ணையும் அழைத்து வருகிறேன். முதல் பக்கத்தை அவளே எழுதட்டும்!