கல்லும் ஊரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மன்றம் பத்தாண்டுகள் இடையறாது இயங்குவது எளிய செயலன்று. அதற்காக முதலில் என் பாராட்டு. ஊர் வரலாற்று மன்றங்கள் மக்களை எவ்வாறு வரலாற்றோடு இணைக்கின்றன என்பது பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். இலக்கிய வட்டத்தில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நடுகல்லைப் பற்றிப் புறநானூற்றிலும் அகநானூற்றிலும் படித்து மகிழ்கின்றோம். நம் ஊர் எல்லையில் சாய்ந்து நிற்கும் நடுகல்லையோ ஏறிட்டும் பாராமல் கடந்து செல்கின்றோம். ஏட்டுக்கும் எல்லைக்கும் உள்ள இந்த இடைவெளியை நிரப்புவதே ஊர் வரலாற்று மன்றத்தின் பணி. ஆதலின் அது நம் பணியும் ஆகும்.

திருவண்ணாமலை மாவட்டச் செங்கம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள எடத்தனூர் நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்கும்போது உயிர்துறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவன் அருகில் ஒரு நாயின் உருவமும் உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டுக் கூறுகின்றது. மன்னர்களின் மெய்க்கீர்த்தியையே வரலாறு என்று எண்ணுவோர்க்கு, ஓர் எளிய வீரனையும் அவனுடைய நாயையும் பெயர் சொல்லி நினைக்கும் இக்கல் ஒரு பாடம்.

இத்தகைய கற்களின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை படித்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக 1972ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆனால் அந்நூல் வருவதற்கு முன்னரே அப்பகுதி மக்கள் நடுகற்களை வேடியப்பன் என்று பெயரிட்டு வழிபட்டு வந்தனர். எழுத்தைப் படித்தவர் அறிஞர். கல்லைக் காத்தவர் ஊரார். வழிபாடு இல்லையேல் அவற்றுள் பல படிக்கல்லாகவோ பாலத்துக் கல்லாகவோ போயிருக்கும். எனவே, “இது சாமியன்று, வெறும் நடுகல்” என்று சொல்லி ஊருக்குள் நுழைகின்ற ஆய்வாளன் முதலடியிலேயே இடறுகின்றான். “உங்கள் சாமியின் பெயரும் கதையும் இதிலே எழுதியிருக்கின்றன, படித்துக் காட்டட்டுமா?” என்று கேட்பவனுக்கு அவ்வூர் திண்ணையைத் தட்டி இடம் கொடுக்கும்.

ஆக, மன்றத்தின் முதற்கடமை பேசுவதன்று, கேட்பது. கீழடியை இன்று உலகம் அறியும். 1970களிலேயே அவ்வூரில் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட பழம்பொருள்களைப் பற்றி மாணவர் வாயிலாக அறிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், அதனைத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். மைய அரசின் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு தொடங்கியது 2015ஆம் ஆண்டில்; பின்னர் 2018 முதல் மாநிலத் துறை அப்பணியைத் தொடர்ந்தது; 2023ஆம் ஆண்டில் அங்கேயே அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. நாற்பதாண்டு இடைவெளி நீண்டதுதான். எனினும், சிறுவர் சொல்லைச் செவிமடுத்த ஓர் ஆசிரியரின் காது வரலாற்றுக்கு எவ்வளவு பெருந்துணை என்பதை அது காட்டுகின்றது.

கேட்பதை அடுத்து நடப்பது. மதுரை யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010ஆம் ஆண்டில் பேசப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அச்சூழலில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கியது ‘பசுமை நடை’ என்னும் இயக்கம். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலுள்ள சமணர் படுகைகள், தமிழி எழுத்துகள், தீர்த்தங்கரர் சிற்பங்கள் ஆகியவற்றை நாடி, குடும்பம் குடும்பமாக மக்கள் காலையில் நடந்து சென்றனர். தொல்லியல் அறிஞர் பாறையருகே நின்று விளக்குவார். சிறுவரும் முதியவரும் தரையில் அமர்ந்து கேட்பர். பின்னர் அனைவரும் ஒன்றாக உண்பர். கட்டடமின்றி, மேடையின்றி, மலையே வகுப்பறையாயிற்று. தன் காலால் ஏறிக் கண்ட மலையை ஒருவர் பிறகு வெறும் கல் என்று கருதமாட்டார்.

இவ்வுணர்வின் மதிப்பை அரிட்டாபட்டி காட்டிற்று. அக்குன்றில் தமிழிக் கல்வெட்டும், சமணச் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உள்ளன. 2022ஆம் ஆண்டில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றன. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024ஆம் ஆண்டில் முடிவானபோது சுற்றுவட்டாரமே திரண்டது. 2025 சனவரியில் மைய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. நிலமும் நீரும் வாழ்வுமே அம்மக்களின் முதற்கவலை, அதை மறைக்கலாகாது. ஆயினும் தம் மலையின் தொன்மையையும் அவர்கள் உடன் எடுத்துரைத்தார்கள். அறிஞர் ஏட்டில் மட்டும் உறைந்திருந்த செய்தி, ஊரார் நாவில் வழக்குரையாயிற்று. வரலாறு மக்களிடம் திரும்பிச் சேர்ந்தால் அவர்கள் அதனைக் காப்பர். அதுவும் அவர்களைக் காக்கும்.

இனி, ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெருமை வேறு, ஊர் வரலாறு வேறு. ஒவ்வோர் ஊரும் தன்னை முதலூர் என்றும், ஒவ்வொரு குலமும் தன்னை அரச குலம் என்றும் நிறுவ முற்பட்டால், மன்றம் வரலாற்றை வளர்க்காது, பகையைத்தான் வளர்க்கும். நம் கல்வெட்டுகள் கொடையை மட்டும் சொல்லவில்லை. வறுமையால் தம்மைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டவரையும் அவை சொல்லுகின்றன. இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டிலேயே தீண்டாச்சேரி என்னும் சொல் இருக்கின்றது. கோபுரத்தைக் காட்டி வியக்கும் நாம், அச்சொல்லையும் உரக்கப் படித்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள். சேரியில் வாழ்ந்தவரின் நினைவுக்கு இடமில்லாத ஊர் வரலாறு பாதி ஊரின் வரலாறே. கசப்பை மறைத்து மக்களை ஈர்ப்பதைக் காட்டிலும், உண்மையைச் சொல்லிச் சிலரை இழப்பது மேல்.

நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளுக்குச் சில வேண்டுகோள்கள். மாதம் ஒரு தெரு, மாதம் ஒரு சேரி என்று சென்று முதியோர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். ஏரி, மடை, மந்தை, களம் ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டுங்கள். ஊர் மறக்கும்போது முதலில் மறைவன இப்பெயர்களே. புதிய கல் கிடைத்தால் இடம் பெயர்க்காதீர்கள், வண்ணமும் பூசாதீர்கள், வல்லாரை அழைத்துப் படியெடுங்கள். தஞ்சையிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இதழ் இவ்வகைப் புதிய கல்வெட்டுகளை ஆண்டுதோறும் அச்சேற்றி வந்திருக்கின்றது. அங்கு எழுதுவதோடு நில்லாமல், படித்த வாசகத்தை எளிய தமிழில் எழுதி அவ்வூர்ப் பள்ளியிலும் ஊராட்சி மன்றத்திலும் ஒரு படி வையுங்கள். பழம்பொருள் கிடைத்ததென்று சொன்னால் நிலம் பறிபோகுமோ என்று உழவர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்தை எள்ளாமல், சட்டம் என்ன சொல்கின்றது என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். வேண்டுமிடத்து அவருக்குத் துணையாக அலுவலகம் வரை செல்லுங்கள்.

அன்பர்களே, கருந்தேவக்கத்திக்குக் கல் நட்டவர்கள் அவனை மறவாதிருக்கும் பொறுப்பைப் பின்வருவோர்க்கு விட்டுச் சென்றார்கள். அப்பொறுப்பு அரசுக்கும் அறிஞர்க்கும் மட்டும் உரியதன்று. கல் நிற்கும் ஊருக்கு உரியது. அதனை ஊருக்கு உணர்த்துவதில் இவ்வட்டம் முன்னிற்க வேண்டும்.