குழந்தையின் குமட்டலைக் குத்தாமல் குடையாமல் அறிவோம்

(பாகூரில் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியன் மருத்துவம் பேசலாமா என நீங்கள் எண்ணலாம். என் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு திங்களாகக் காலைதோறும், "வயிறு வலிக்கிறது ஐயா" என்றான். வலிக்கு மருந்து கொடுத்தனர், நீங்கவில்லை. ஒருநாள் அவனை அருகே அமர்த்தி, "வலிக்கிறதா, புரட்டுகிறதா?" என வினவினேன். "புரட்டுகிறது ஐயா, வாயில் நீர் ஊறுகிறது" என்றான். அவனுக்கு இருந்தது வலியன்று, குமட்டல். அதைக் காட்டியது கருவியன்று, தமிழ்ச்சொல்.

வயிறு புரள்வது குமட்டல். ஒன்றும் வெளிவராமல் எக்குவது ஓங்காளம். உண்டது வெளிவருவது கக்கல். மூன்றையும் 'வாமிட்' என்னும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் நாம் திணித்துவிட்டோம். ஆதலால் குமட்டல் மட்டும் உள்ள குழந்தை, 'வாமிட் இல்லை' என்கிறது. நாமோ அது நடிப்பதாக எண்ணுகிறோம். எவ்வளவு பெரிய கொடுமை!

குழந்தையை வருத்தாமல் அறியும் வழிகள் உள. முதலாவது, ஏடு. குமட்டிய நாள், பொழுது, நீடித்த நேரம், உணவுக்கு முன்னா பின்னா, பள்ளி நாளா விடுமுறையா, உறக்கம் எப்படி என எழுதி வாருங்கள். 2016இல் வெளிவந்த உரோமை வரையறையின்படி, கிழமைக்கு இருமுறையேனும் இரண்டு திங்களாக, பெரும்பாலும் உணவோடு தொடர்பின்றி வந்து, தக்க ஆய்வுக்குப் பின்னும் வேறு நோயால் விளக்க இயலாததே செயற்பாட்டுக் குமட்டல். உங்கள் ஏடின்றி மருத்துவர் இதனை எங்ஙனம் துணிவார்?

இரண்டாவது, முகப்படம். பேக்சுடர் குழுவினர் 2011இல் வெளியிட்ட அளவையில் ஆறு முகங்கள் உள. இயல்பான முகத்துக்கு 0, கக்கும் முகத்துக்கு 10. ஏழு அகவைக்கு மேற்பட்ட குழந்தை தன் நிலையைத் தானே தொட்டுக் காட்டும்.

மூன்றாவது, கருவிகள். கேளாவொலிப் படம் பித்தப்பைக் கல்லையும் சிறுநீரக அடைப்பையும் காட்டும். வயிற்றுத் தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி இரைப்பையின் மின்னலைகளைப் பதியலாம். நிமையத்திற்கு ஏறத்தாழ மூன்று அலைகள் இயல்பு. அமெரிக்க மருத்துவர் ஆல்வரசு 1922இலேயே இதனை வெளியிட்டார். எனினும் அலை பிறழ்வு ஒன்றே நோய்முடிவாகாது. கரிமம்-13 கலந்த உணவை உண்பித்து மூச்சுக்காற்றை ஆய்ந்து, இரைப்பை வெறுமையாகும் விரைவையும் அறியலாம்.

ஆனால், பச்சையாகவோ குருதியாகவோ கக்கினாலும், எடை குறைந்தாலும், விடியலில் தலைவலியோடு கக்கினாலும், ஏட்டை நிரப்பிக்கொண்டிராதீர்! உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அச்சத்தாலும் குமட்டும்; அதுவும் மெய்யான குமட்டலே. அம் மாணவனை அவன் அன்னை ஓர் ஏட்டோடு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். தேர்வு நாள்களில் மிகுந்ததை அவ்வேடே காட்டிற்று. ஊசி குத்தாமலே கரணியம் புலப்பட்டது.

தாய்மாரே! இன்றிரவே குழந்தையிடம் தமிழில் வினவுங்கள். அது சொல்லும் சொல்லையே எழுதுங்கள். அச்சொல்லையே மருத்துவரிடம் கூறுங்கள். நம் மொழி நம் குழந்தையின் நோயைப் பேசட்டும்!