குந்தாணி: ஒய்சாளர் இருந்த ஊர்

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, வேப்பனப்பள்ளி வட்டாரத்தில், சின்னகொத்தூரை ஒட்டி நிற்கிறது குந்தாணி மலை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒய்சாள மன்னன் வீர ராமநாதனின் தலைநகர் இந்தப் பகுதிதான். கிருஷ்ணகிரி அணையும் ஓசூர் சந்திரசூடேசுவரர் மலையும் பலரும் அறிந்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வரலாம்.

1254 வாக்கில் ஒய்சாள அரசன் சோமேசுவரன் நாட்டை இரு மகன்களுக்குப் பிரித்தான். துவாரசமுத்திரம் மூன்றாம் நரசிம்மனுக்கு. சமயபுரத்தை அடுத்த கண்ணனூரும் தமிழ்ப்பகுதியும் ராமநாதனுக்கு. 1279-இல் குலசேகர பாண்டியனிடம் தோற்ற ராமநாதன் வடக்கே ஏறிவந்து குந்தாணியில் அமர்ந்தான். அவனுடைய தமிழ்க் கல்வெட்டுகள் இன்றைய தமிழக எல்லைக்கு அப்பால் கோலார் வரை கிடைக்கின்றன.

அந்தக் கல்வெட்டுகளில் ஒன்றுக்காகவே காவேரிப்பட்டணம் பக்கம் போக வேண்டும். தென்பெண்ணைக் கரையில் பெண்ணேசுவரமடம் என்ற ஊர். அங்குள்ள சிவன் கோயிலில் இருக்கிறது ராமநாதனின் ஆணை. கோயிலுக்குரிய ஊர்களில் புகுந்து சோறு கேட்பவர்களையும், வேறு விதத்தில் குடிகளை நலிவு செய்பவர்களையும் ஆணையைப் பெற்றவர்களே தலையை அறுத்துவிட வேண்டும் என்கிறது அது. செய்யத் தவறினால் ஆணையைப் பெற்றவர்களின் தலையே போகுமாம்! தண்டனை கொடுமையானதுதான். ஆனால் அதிகாரத்தின் பெயரைச் சொல்லி ஊர்ச்சோறு தின்றவர்களால் மக்கள் எவ்வளவு நொந்திருந்தால் ஓர் அரசன் இப்படி எழுதுவான்? போர்களையும் பட்டங்களையும் அடுக்கும் கல்வெட்டுகள் எத்தனையோ உண்டு. ஓர் ஏழைக் குடியானவனின் அடுப்படியை எட்டிப்பார்த்த கல்வெட்டு இது. இப்பகுதியில் பார்க்க வேண்டியவற்றுள் இதற்கே முதலிடம்.

ராமநாதன் 1295 வாக்கில் மறைந்தான். மகன் விசுவநாதனின் ஆட்சி சில ஆண்டுகளே நீடித்தது. பிறகு நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் இரு பகுதிகளையும் ஒன்றாக்கினான். கோயில்களுக்கு வரிகளை நீக்கி 1301-இல் அவன் விடுத்த ஆணையில் குந்தாணி ராஜ்யத்தின் பெயரும் வருகிறது.

சின்னகொத்தூரில் நடுகற்களைக் காணலாம். மாவட்டத்தின் வேறு பல நடுகற்கள் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. போகிறவர்கள் கல்வெட்டு எழுத்துகளின் மேல் சுண்ணாம்போ எண்ணெயோ பூசாமல் பார்த்து வரவேண்டும்.