மணலும் மக்கட் பேச்சும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஞ்ஞானிகள் செய்யும் ஆராய்ச்சியைப் பொதுமக்கள் எவ்வாறு உணர்கின்றனர் என்பது இன்று எமக்குக் குறிக்கப்பட்ட பொருள். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் நினைத்தல் கூடும். ஆராய்ச்சி செய்தல் எம் தொழிலன்று என்பது உண்மையே. ஆயினும், ஒருவர் வினாவியது யாது, மற்றவர் இறுத்த விடை யாது, அவ்விடை அவ்வினாவுக்கு உரியதுதானா என்று சொல்லை நிறுத்துப் பார்த்தல் எமக்கு நாடோறும் உள்ள வேலை. இப்பொருளிற் காணும் குழப்பத்தில் பெரும்பங்கு சொல்லை நிறுத்துப் பாராமையால் விளைவதென்பது எம் கருத்து. அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டா. நம் கடற்கரை மணலே போதும்.

குமரித் துறையில் ஏழு நிற மணல் உண்டென்பதும், அதற்குச் சொல்லப்படும் கதையும் நீங்கள் அறிந்தவையே. சுசீந்திரத்துப் பெருமானுக்கும் குமரியன்னைக்கும் குறித்த திருமணம் கோழி கூவியதால் நின்றுபோக, விருந்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் மணலாய்ப் போயின என்பர். நிலநூலார் கூறுவது வேறு. நம் மலைகளின் பாறைகள் எண்ணிறந்த ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து பொடியாகின்றன. அப்பொடியைக் குழித்துறை ஆறும் வள்ளியாறும் பழையாறும் கடலிற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கடல் அதனைப் புடைத்து எடுக்கின்றது. தாய்மார்கள் சுளகில் நெல்லைப் புடைக்கும்போது உமி பறந்து, மணி தங்குவதில்லையா? அவ்வாறே இலேசான வெண்மணலை அலை இழுத்துச் செல்ல, கனமான மணல் கரையில் தங்குகின்றது. கருமையாயிருப்பது இல்மனைட், செம்மையாயிருப்பது கார்னெட், தேன் நிறத்திற் சிறு மணிகளாயிருப்பது மோனசைட். இம்மூன்றாவதனுள் தோரியம் என்னும் உலோகம் கலந்துளது.

1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலில் இம்மோனசைட் இருத்தலைக் கண்டார். அக்காலத்தில் காஸ் விளக்கின் வலைத்திரி செய்யத் தோரியம் வேண்டியிருந்தது. ஆகவே மணவாளக்குறிச்சியிற் சில ஆண்டுகளுக்குள் ஆலை எழுந்தது. காஸ் விளக்கு மறைந்தது; அணுவின் காலம் வந்தது. 1950இல் அரசினரின் இந்திய அருமண் நிறுவனம் தோன்றி, 1965இல் அவ்வாலையை ஏற்றுக்கொண்டது. திருவிதாங்கூரின் கீழிருந்த நம் நாடு 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும், மணல் மட்டும் முன்போலவே மூட்டைகளில் ஏறிப் போய்க்கொண்டிருப்பதும் நீங்கள் அறிவீர்கள்.

தோரியத்திலிருந்து கதிர் வீசுகின்றது, இதில் ஐயமில்லை. மண்ணினின்றும் வானினின்றும் காற்றினின்றும் உலகத்தார் ஒவ்வொருவரும் இயற்கையாகப் பெறும் கதிரின் அளவு, சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்று கணக்கிட்டுள்ளனர். கொல்லத்தை அடுத்த கருநாகப்பள்ளி வட்டத்துக் கரையிற் சில இடங்களில் அது 70 வரையும் உயர்கின்றது. இவ்விரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் அஞ்சுதல் இயல்பு. விஞ்ஞானிகளும் அக்காரணத்தாலேயே இக்கரையை நாடி வந்தனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழுவொன்று, இயற்கைக் கதிர் மிகுந்த இடங்களில் வாழும் மக்களை ஆராயவேண்டுமென்று 1959இல் கூறியபோது நம் தென்மேற்குக் கரையைத்தான் முதன்மையாகக் கருதியது. அன்று தொட்டு ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. ஆராய்ச்சி பெருகப் பெருக நம்மவர் பேச்சிற் குழப்பமும் பெருகியது.

அது வீட்டு வாயில் வரை வந்து நிற்பதை யாமே கண்டோம். எமக்கு வேண்டிய குடும்பத்துப் பெண் ஒருத்தி. ஆசிரியப் பயிற்சி பெற்றவள். கடற்கரைப் பக்கத்து ஊரிற் பிறந்து வளர்ந்தவள். சாதகம் பொருந்திற்று, தாம்பூலம் மாற்ற நாளும் பார்த்தாயிற்று. அந்நிலையிற் பிள்ளை வீட்டார் பின்வாங்கினர். காரணம் கேட்கப் போன எம்மிடம், பிள்ளையின் பெரியப்பா ஒரு செய்தித்தாள் நறுக்கை நீட்டினார். “வாத்தியாரய்யா, நாங்கள் கட்டிச் சொல்லவில்லை. மணல் பிரதேசத்துத் தாய்மாரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபணு மாறி வருகிறது என்று வெளிநாட்டு விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள். பெண் வழியாகத்தான் வருமாம்” என்றார். பெண்ணின் தாய்மாமனிடம் இதனைச் சொன்னபோது அவர் சினந்து, “அதெல்லாம் பொய். மணலால் ஒரு கெடுதியும் இல்லை, உடம்புக்கு நல்லது என்று 2009இலேயே நிரூபித்துவிட்டார்கள்” என்றார். இருவரும் படித்தவர்; இருவர் கையிலும் ஆராய்ச்சி இருந்தது. பெண்ணுக்கு மட்டும் திருமணம் நின்றது.

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். பள்ளியில் இதனை மனனம் செய்து, தேர்வெழுதி, மறந்தவர் இவ்வவையிற் பலர் இருப்பீர்கள். அவ்வெட்டனுள் இனமொழி என்பது ஒன்று. “ஆடுவாயா?” என்று கேட்டால் “பாடுவேன்” என்பது அது. கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லுதல். இலக்கணத்தில் அதற்கு இடம் உண்டு. ஏனெனில் கேட்டவன் குறிப்பை உணர்ந்துகொள்வான். ஆராய்ச்சியில் அதற்கு இடமில்லை. பிள்ளை வீட்டார் கேட்க விரும்பியது, “இப்பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை குறையின்றிப் பிறக்குமா?” என்பது. அவர் கையிலிருந்த தாளோ வேறு வினாவுக்கு விடை. தாய்மாமன் கையிலிருந்ததும் வேறொரு வினாவுக்கு விடையே. பாட்டை ஆட்டமென்று கொண்டனர் இருவரும்.

இனி, வந்த ஆராய்ச்சிகள் எதை எதைக் கேட்டன என்று பார்ப்போம்.

முதலில் எலி. இங்கிலாந்து தேசத்து க்ரூனெபெர்க் என்னும் பேராசிரியரும் அவர் கூட்டத்தாரும் கேரளக் கரையில் எலிகளைப் பிடித்து, அவற்றின் எலும்பையும் பல்லையும் அளந்து, கதிர் குறைந்த இடத்து எலிகளோடு ஒப்பிட்டு, 1966இல் அறிக்கை வெளியிட்டனர். எலிப் பல்லை அளக்கவா கப்பலேறி வந்தார்கள் என்று நகையாடத் தோன்றும். எம் மாணவர்களும் நகைத்தனர். ஆனால் அதன் காரணத்தை எண்ணிப் பாருங்கள். மனிதனுக்கு ஒரு தலைமுறை கழிய இருபத்தைந்து ஆண்டு செல்லும். எலிக்குச் சில மாதம் போதும். கதிரினால் தலைமுறை தலைமுறையாகக் கேடு சேருமாயின், நம் பேரன் காலத்தில் மனிதரிடம் காணவேண்டியதை எலியிடம் இன்றே காணலாம். குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றும் அவர்கள் காணவில்லை. வினா நன்று, விடையும் நேர். ஆயினும் அது எலியைப் பற்றிய விடை.

1976இல் டில்லி மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கொச்சுப்பிள்ளை முதலானோர், கேரள மணற்கரையில் ஏறத்தாழ 13,000 பேரை ஆராய்ந்து, அவருள் 12 பேரிடம் டௌன் நோய்க்குறி என்னும் பிறவிக் குறை இருத்தலையும், ஒப்பிடக் கொண்ட வேற்றிடத்து 6,000 பேரளவில் ஒருவரிடமும் அஃது இல்லாமையையும் எழுதினர். அச்சம் நாடெங்கும் பரவியது. ஆராய்ந்தவர் நேர்மையாளர், ஆராய்ச்சியும் கேட்கத்தக்க வினாவையே கேட்டது. எனினும் 12 என்பது சிறு தொகை. அரிதாக நிகழும் ஒன்றைச் சிலரிடத்து எண்ணும்போது, ஒரு கூட்டத்திற் பன்னிரண்டும் மற்றொன்றிற் சுழியும் வருதல் தற்செயலாகவும் நேரலாம். அதனைத் தெளியவேண்டின் இன்னும் பலரை எண்ணவேண்டும். அவ்வாறே பின்னர் எண்ணினர். 1995 முதல் 2011 வரை கேரளக் கரைப்பகுதி மருத்துவமனைகளிற் பிறந்த 1,41,540 குழந்தைகளைப் பார்த்து எழுதிய ஆராய்ச்சி 2013இல் வந்தது. குழந்தை இறந்து பிறத்தலிலும், பெரும் பிறவிக் குறைகளிலும், கதிர் மிகுந்த இடத்துக்கும் குறைந்த இடத்துக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிள்ளை வீட்டார் கேட்ட வினாவுக்கு மிக அணுக்கமான விடை இதுவே. இஃது ஒருவர் வாயிலும் வரவில்லை. அச்சமூட்டிய செய்தி எட்டுத்திக்கும் போயிற்று. அச்சந்தீர்த்தது ஆராய்ச்சி இதழின் பக்கங்களிலேயே தங்கிற்று.

அவர் காட்டிய நறுக்கிற் கண்டது 2002ஆம் ஆண்டின் ஆராய்ச்சி. 248 குடும்பங்களைச் சேர்ந்த 988 பேரிடம், தாய் வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்பின் மரபெழுத்துக்களைப் படித்தனர். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே எழுத்து மாறுதல், கதிர் மிகுந்த இடத்திற் கூடுதலாயிருந்தது. இஃது உண்மை, யாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மாறுதலால் எவருக்கேனும் நோய் வந்ததா என்பது அவ்வாராய்ச்சி கேட்ட வினாவன்று. மாறுதல் வேறு, நோய் வேறு. ஏட்டைப் படியெடுப்போர் ஓரெழுத்தை மாற்றி எழுதினால் சில இடத்துப் பொருளே கெடும். பல இடத்து ஒன்றும் கெடாது. பாடபேதம் கண்ட பண்டிதர்க்கு இதனை விரிக்கவேண்டா. ‘தாய் வழி’ என்ற சொல் மட்டும் செவியில் விழ, பழி பெண்ணின்மேல் விழுந்தது. தாய் வழியாக வருவதை அவர்கள் தேர்ந்துகொண்டது, மாறுதலைத் தலைமுறை தோறும் பின்தொடர்ந்து காண எளிதென்பதனால். ஆண்மக்கள் உடம்பிற் கதிர் படாதென்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை.

இனித் தாய்மாமன் சொன்ன 2009. திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தார் கருநாகப்பள்ளியில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு பின்தொடர்ந்தனர். அவருள் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. கதிர் மிகுதிக்கேற்ப நோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை. இது பெரிய ஆராய்ச்சி, பொறுமையாற் செய்தது. அதனால் “மிகுந்ததாகக் காணப்படவில்லை” என்று சொல்லலாமேயன்றி, “நல்லது” என்று சொல்ல எழுத்தளவும் இடமில்லை. பிரேசில் நாட்டுக் குவாராப்பாரி என்னும் ஊரில் இதே மோனசைட் கலந்த கருமணல் உண்டு. அங்கே மூட்டுவலிக்காரர் அம்மணலிற் புதைந்து கிடந்து நலம் பெறுவதாக நம்பிப் பயணம் வருகின்றனர். ஒரே மணல், அங்கே மருந்து, இங்கே நஞ்சு. மணல் இரண்டையும் அறியாது.

நம் ஊர்களில், “எங்கள் தெருவில் ஐந்து பேருக்குப் புற்று, மணலன்றி வேறு என்ன?” என்று கேட்போரும் உளர். நோயுற்றார் வீட்டுத் துன்பத்தை யாம் சிறிதும் குறைத்துப் பேசோம். ஆயினும் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் காண்கிறதென மதிப்பிடுகின்றனர். மக்கள் தொகையோடு வகுத்துப் பார்த்தால் ஆயிரவருக்கு ஒருவர். ஆகவே பதினாயிரவர் வாழும் ஊரில், அது மணற்கரையாயினும் மலையடிவாரமாயினும், ஆண்டுக்குப் பத்துப் பேரளவிற் காணுதல் எதிர்பார்க்கத்தக்கது. பத்தாண்டிற் நூறு பேர். ஐந்து என்னும் எண்ணை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு. எத்துணைப் பேருள், எத்துணை ஆண்டில் ஐந்து என்று சொன்னாலன்றி அது மிகுதியா குறைவா என்று அறியமுடியாது.

இதனால் யாம் மணல் எடுப்போர் பக்கம் பேசுகிறோமென்று எவரும் கொள்ளற்க. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணலெடுக்க அருமண் நிறுவனம் கருதியதும், 2024இல் அதன்பொருட்டு அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பினிடையே ஒத்திவைக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. அதற்குச் சார்பாகப் பேசுவோர் கருநாகப்பள்ளி ஆராய்ச்சியைக் காட்டுவாராயின், அதுவும் பாட்டை ஆட்டமென்று கூறுதலே. அவ்வாராய்ச்சி கேட்டது, மணல்மேற் குடியிருப்போரைப் பற்றி. மணலைத் தோண்டும்போது எழும் தூசியை மூச்சில் வாங்குவோரைப் பற்றி அது கேட்கவில்லை. மணற்றிட்டு போனபின் கடல் எவ்வளவு உள்ளே வரும், கிணற்று நீர் உப்பாகுமா, கரைமடி இழுக்க இடம் இருக்குமா என்பனவற்றைப் பற்றியும் கேட்கவில்லை. மேலும், அது கருநாகப்பள்ளி மக்களைப் பற்றியது. மிடாலத்தாரையும் இனயத்தாரையும் பற்றியதன்று. கேளாத வினாவுக்கு ‘இல்லை’ என்பது விடையாகாது. நன்னூலார் வகுத்த எட்டனுள் அப்படியொன்று இல்லை. கருத்துக்கேட்பு மறுபடி நிகழுமாயின், போகின்றவர்கள் இவ்வினாக்களை எழுதிக் கொண்டுபோதல் நலம். “மணலால் எல்லார்க்கும் புற்று” என்று கூவினால், அதிகாரிகள் 2009ஆம் ஆண்டின் அறிக்கையை எடுத்து நீட்டி வாயடைத்துவிடுவர்; கடலைப் பற்றிய கேள்வியும் அதனோடு அமுங்கிப்போம்.

இன்னும் ஒன்று, தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருநாகப்பள்ளியில் மணலின் கேட்டை ஆராயப் புகுந்தோர், அம்மக்களின் ஏனைய வழக்கங்களையும் கேட்டு எழுதிவைத்தனர். அவ்வேடுகளிலிருந்து, பீடி புகைக்கும் ஆடவரிடத்து நுரையீரற் புற்றும், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பெண்டிரிடத்து வாய்ப்புற்றும் தெளிவாக மிகுந்திருத்தல் தெரியவந்தது. மணலிடம் தேடிய குற்றம் மடியிலிருந்த சுருக்குப் பையில் அகப்பட்டது. நம் கலியாண வீடுகளிற் பந்திக்குப் பின் வைக்கும் தட்டில் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் இன்றளவும் வைக்கின்றனர். மேற்சொன்ன பெரியப்பாவும் எம்மிடம் அந்நறுக்கை நீட்டியபோது, வாயிலிருந்த புகையிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் பேசினார். அடுத்த ஆவணி முகூர்த்தங்களிலிருந்து சங்கத்தார் வீட்டுத் தட்டுக்களிற் புகையிலை வேண்டாவென்று ஒரு தீர்மானம் கொண்டுவரத் தலைவர் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கின்றோம். அது நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக உளது. அதுவரை இருந்து வாக்களிக்குமாறு வேண்டி அமர்கின்றோம்.