உறுப்பினர் அனுப்பிய பார்சல்

லண்டனில் சௌத் கென்சிங்டன் பகுதியில் இருக்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழையக் காசு கொடுக்க வேண்டாம். டைனோசர் எலும்பையும், நடுக்கூடத்தில் தொங்கும் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்த்துவிட்டு வரலாம். அப்படியும் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கட்டணக் கண்காட்சிகளுக்கு அவர்கள் தனி டிக்கெட் வாங்க வேண்டாம். உட்கார்ந்து காப்பி குடிக்க ஓர் உறுப்பினர் அறையும் உண்டு. மற்றபடி, இந்த இடம் நன்றாக நடக்கட்டும் என்று கொடுக்கிற பணம் அது.

நல்ல காரியம்தான். ஆனால் சந்தா கட்டியதோடு நிற்காமல், உறுப்பினர்களே சேர்ந்து ஒரு சேகரிப்பை அடுக்கடுக்காக உருவாக்கிய கதை நம் நாட்டிலேயே, மும்பையில் இருக்கிறது.

1883 செப்டம்பர் 15 அன்று பம்பாயில் எட்டுப் பேர் கூடினார்கள். அவர்களில் இருவர் இந்தியர்கள், இருவருமே டாக்டர்கள்: ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன். மற்ற ஆறு பேர் ஆங்கிலேயர்கள். காட்டிலும் வழியிலும் கண்டதைப் பேச வேண்டும், கிடைத்ததைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதற்கு ஒரு சங்கம் வேண்டும் என்பதுதான் பேச்சு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அப்படித்தான் பிறந்தது. முதல் கூட்டங்கள் பைகுல்லாவில் இருந்த விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்தன. அடுத்த வருடமே ஃபிப்சன் என்ற மது வியாபாரி ஃபோர்ப்ஸ் தெருவில் இருந்த தன் கடையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் ஒயின் வியாபாரம், இன்னொரு பக்கம் பாடம் செய்த பறவைகளும் பாம்புகளும்!

அந்தக் கடையில் உயிரோடு ஒரு பிரமுகரும் இருந்தார். பெயர் வில்லியம். கார்வார் பக்கத்திலிருந்து 1894-ல் குஞ்சாக வந்து சேர்ந்த மலை இருவாச்சி. ஃபிப்சனின் நாற்காலிக்குப் பின்னால்தான் கூண்டு. அத்திப்பழமும் தின்னும், சுண்டெலியும் தின்னும், தேளையும் விடாது. முப்பதடி தூரத்திலிருந்து டென்னிஸ் பந்தை வீசினால் அந்தப் பெரிய அலகால் லாகவமாகப் பிடித்துவிடும். 1920-ல் அது செத்துப்போகும்வரை, சங்கத்துக்கு வந்தவர்களில் அதைப் பார்க்காமல் போனவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். சங்கத்தின் சின்னம் இன்றைக்கும் இருவாச்சிதான்.

சரி, உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்? பார்சல் அனுப்பினார்கள். காட்டிலாகா அதிகாரி, தேயிலைத் தோட்டத்துத் துரை, ராணுவ அதிகாரி, ரயில்வே என்ஜினியர் எனப் பல ஊர்களில் சிதறிக் கிடந்தவர்கள் அவர்கள். சுட்ட பறவையின் தோலை உரித்து, உள்ளே பஞ்சை அடைத்து, கண் இருந்த இடத்திலும் பஞ்சை வைத்து, இரண்டு காலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கட்டி, அந்தக் காலில் ஒரு சீட்டைத் தொங்கவிடுவார்கள். பிடித்த இடம், தேதி, ஆணா பெண்ணா, சேகரித்தவர் பெயர் எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். சீட்டு அறுந்து விழுந்துவிட்டால் பறவை வெறும் பொம்மை. உறுப்பினர் கட்டிய சந்தாவைவிட அவர் எழுதிய அந்த நாலு வரிக்குத்தான் மதிப்பு அதிகம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1911-ல் சங்கம் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. இந்தியா, பர்மா, இலங்கை முழுவதும் உள்ள பாலூட்டிகளைக் கணக்கெடுக்கிற வேலை. அரசாங்கத்தை மட்டும் நம்பாமல், உறுப்பினர்களிடமும் பிறரிடமும் பணம் திரட்டி, ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பன்னிரண்டு வருடம் நடத்தினார்கள். ஓய்வுபெற்ற காட்டிலாகா அதிகாரி ராட்டன் லண்டனில் உட்கார்ந்து வந்த மாதிரிகளை வகை பிரித்தார்.

சங்கத்தின் அலமாரிகளில் நம் மேகமலைக்கும் ஓர் இழுப்பறை உண்டு. 1948-ல் தேனிப் பக்கத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துத் துரை ஒரு வௌவாலைப் பிடித்து அனுப்பினார். ஊரெல்லாம் பறக்கிற சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று நினைத்து, அந்தப் பெயரிலேயே உள்ளே வைத்துவிட்டார்கள். இருபத்து நான்கு வருடம் அது அங்கேயே கிடந்தது. 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். வால் இல்லை, பல் வரிசையும் பொருந்தவில்லை. புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று அறிவித்து, அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் போட்டிருந்த வனவிலங்குச் சட்டம்கூட, இந்த வௌவாலுக்கு மட்டும் முதல் பட்டியலில் இடம் கொடுத்தது.

சாலிம் அலி இந்தச் சங்கத்துக்குள் நுழைந்ததும் ஓர் உறுப்பினரின் தயவால்தான். சிறுவனாக ஏர்கன்னால் அவர் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. மாமா அமிருதீன் தியாப்ஜி சங்கத்தின் உறுப்பினர். அது என்ன குருவி என்று கேட்டுவரச் சொல்லி, கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துச் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்ட் பையனை விரட்டவில்லை. இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பறவைகளைக் காட்டினார். தோல் உரித்துப் பாடம் செய்ய அந்தப் பையன் அங்கேயே கற்றுக்கொண்டான். சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவரான கின்னியர், பிற்காலத்தில் முதலில் சொன்ன அந்த லண்டன் அருங்காட்சியகத்துக்கே இயக்குநரானார்.

இன்றைக்குச் சங்கத்தின் கட்டடமான ஹார்ன்பில் ஹவுஸில் இருக்கிற மாதிரிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். உறுப்பினராக விலங்கியல் பட்டம் ஒன்றும் கேட்பதில்லை. விண்ணப்பமும் சந்தாவும் போதும். பத்திரிகை வரும், முகாம்களுக்குப் போகலாம், நிர்வாகக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நம் கோடியக்கரையில் இந்தச் சங்கத்து ஆட்கள் வலசைப் பறவைகளின் காலில் மாட்டுகிற அலுமினிய வளையத்தில், பம்பாய்க்குத் தகவல் சொல்லுங்கள் என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்து எழுதிப் போட உறுப்பினராகக்கூட இருக்க வேண்டாம்.

துப்பாக்கி தூக்கிய காலம் மலையேறிவிட்டது. 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அனுமதியில்லாமல் எதையும் பிடித்து அனுப்ப முடியாது. பார்சலுக்குப் பதில் குறிப்புதான். 1886 முதல் வெளிவரும் சங்கத்தின் ஆய்விதழில் சிறு குறிப்புகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அரைப் பக்கம் போதும். எந்த ஊர், என்ன தேதி, எத்தனை பறவை, என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கூட அனுப்புகிற படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இடமும் தேதியும் விட்டுப்போயிருந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.