எழுத்துக்கு எந்த அடுக்கு?

தம்புள்ளைக் கருத்தரங்கின் தலைமை உரை



 நான் எடுத்துப் பேசப்போகும் வழக்கில் மாற்றுக் கருத்து உடையவர்களும் முன்வரிசையில் இருப்பதால் எனக்குச் சற்றுப் படபடப்பு உண்டு.

கருத்தரங்கின் பொருள், திறமூலப் பயனர் இடைமுகச் சட்டகங்களின் எதிர்காலக் கட்டமைப்பு. ரியாக்ட் 2013இல் திறமூலமாக வெளிவந்த பின் இடைமுகத்தை எழுதும் முறையே மாறியதும், ஃபிளட்டர் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைவதும், க்யூட்டி 6, ஜிடிகே 4 இரண்டும் 2020 டிசெம்பரில் வந்ததும் நீங்கள் அறிந்தவை. அவற்றைக் கட்டுரையாளர்கள் விரிவாகப் பேசுவார்கள். நான் ஒரே கேள்வியில் நிற்கிறேன். அடுத்த தலைமுறைச் சட்டகத்தில் எழுத்து எந்த அடுக்கில் இருக்க வேண்டும்?

முதலில் பொத்தான், பட்டியல், அசைவு எல்லாம் அமையட்டும். தமிழும் சிங்களமும் கடைசியில் உள்ளூர்மயமாக்கலில் சேரட்டும் என்பது நம்மிடையே நெடுநாள் நிலவும் கருத்து. இதை நான் மறுக்கிறேன். வரலாறும் மறுக்கிறது. ஜிடிகேயின் முதல் தலைமுறையில் நம் எழுத்துகளுக்கு இடமில்லை. 2002இல் ஜிடிகே 2 வந்தபோது ஓவன் டெய்லர் தொடங்கிய பாங்கோ என்னும் உரையமைப்பு நூலகம் அதன் அடித்தளத்திலேயே அமர்ந்தது. அதன் மேல் எழுதிய செயலிகளெல்லாம், நிரலாளர் தமிழை நினைத்தாரோ இல்லையோ, தமிழைத் தாங்கின.

"ஹார்ஃப்பஸ் இருக்கிறதே, பிறகென்ன?" என்று நண்பர்கள் கேட்பார்கள். குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபிஸ் எல்லாம் எழுத்துகளை உருவமைக்க அதைத்தான் நம்பியிருக்கின்றன; அதை வளர்த்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போதின் உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் ஹார்ஃப்பஸ் ஒரு நேரத்தில் ஒரே எழுத்துமுறையில், ஒரே எழுத்துருவில் அமைந்த துண்டைத்தான் வாங்கி உருவமைக்கும். வரியைத் துண்டாக்குவது, எங்கே மடிப்பது, கர்சர் எங்கே நிற்பது என்பவை அதன் வேலையல்ல. இந்த ஊரின் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஒரு விற்பனைச் செயலி எழுதுபவர், சிங்களப் பெயரும் தமிழ்ச் சரக்கும் ஆங்கிலக் குறியீடும் ஒரே வரியில் வரும் என்று எதிர்பார்த்தே ஆகவேண்டும். அந்த வரியைப் பிரிக்கும் பொறுப்பு சட்டகத்தின் தலையில்தான் விழுகிறது.

'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடு. கர்சர் நிற்க வேண்டிய இடம் முன், நடு, பின் என மூன்றுதான். குறியீட்டை எண்ணி நகரும் உரைப்பெட்டியில் அது ஐந்து இடத்தில் நிற்கும். 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமமென்றே கொள்கிறது. ஆனால் குறியீடு குறியீடாக அழிக்கும் பெட்டியில் 'கொ'வை அடுத்துக் கர்சரை வைத்துப் பேக்ஸ்பேஸை அழுத்தினால் ஒன்றில் 'க' மிஞ்சும், மற்றதில் 'கெ' மிஞ்சும். திரையில் ஒன்றாகத் தெரிந்த சொல் விரலுக்கு இரண்டாக நடந்துகொள்கிறது. எழுத்துருவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. "தமிழின் சிக்கல் எழுத்துருச் சிக்கல்தான்" என்று இதுபோன்ற அவைகளில் அழுத்திச் சொன்ன பெரியவர்களிடம் எனக்கு மதிப்புண்டு. இந்த உரைப்பெட்டிக்கு அவர்கள் இன்னும் விடை சொல்லவில்லை.

டேஸ்16 என்னும் தமிழ்க் குறியேற்றத்தின் ஆதரவாளர்களுக்கும் ஒரு சொல். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு அதையும் ஏற்றது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு தந்தால் நான் சொன்ன இடர் தமிழில் பெரும்பாலும் மறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிங்களத்துக்கு எப்படியும் கூட்டெழுத்துப் பொறி வேண்டும். மும்மொழி நாட்டில் தமிழுக்கு மட்டும் தனிவழி கேட்டால் நம் வழு அறிக்கைகளைப் படிக்க ஆளிருக்காது. சிங்கள நிரலாளரோடு சேர்ந்து கேட்பதே நமக்குப் பலம்.

எழுத்து அடித்தளத்திலேயே அமைய வேண்டும் என்பதற்கு இத்துறையினர் திரும்பிப் பாராத சான்று ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளி இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு நகரா விசை தந்தார். அதை அழுத்தினால் எழுத்து பதியும், வண்டி நகராது. புள்ளியும் மெய்யும் ஒரே இடத்தில் விழும். அடுத்த விசைக்காகக் காத்திருக்கும் நிலை ஒன்றை இரும்பிலேயே அவர் அமைத்துவிட்டார். தட்டச்சில் கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரம் 2008இல் ஏற்ற ரங்கநாதன் விசைப்பலகை அந்தத் தட்டச்சு மரபில் வந்தது. ஆகவே ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று எண்ணி எழுதிய உரைப்பெட்டி நம் தட்டச்சர்களின் கையில் தடுமாறத்தான் செய்யும். முடிவாகாத எழுத்தை ஏந்தி நிற்கும் அந்த நிலை, உரைப்பெட்டியின் அடிப்படை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். செருகுநிரலாகப் பின்னர் ஒட்டினால், ஒவ்வொரு பெரும் பதிப்பிலும் அது கழன்று விழும்.

எனவே ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இது. எதிர்காலச் சட்டகத் திட்டத்துக்கு நாம் அனுப்பப்போகும் முன்மொழிவில் வேகம், அளவு, அசைவு பற்றிய பகுதிகளுக்கு முன்னால் உரைப்பெட்டியை வையுங்கள். கர்சரும் தெரிவும் அழிப்பும் கண் காணும் எழுத்தை அலகாகக் கொள்ள வேண்டும். 'கொடி'யை இரு குறியீட்டு வடிவிலும் தட்டி, நகர்த்தி, அழித்துப் பார்க்கும் சோதனையும் அதற்கு இணையான சிங்களச் சோதனையும் தேறாத எந்த மாற்றமும் சட்டகத்தின் மூலக் களஞ்சியத்தில் இணையக் கூடாது. இதை இன்று பிற்பகல் அமர்வின் முதல் தீர்மானமாக முன்வைக்கிறேன். மறுப்பவர்கள் மேடைக்கு வாருங்கள். அமர்வு முழுவதையும் அதற்கே ஒதுக்கச் சம்மதிக்கிறேன்.